பள்ளத்தில் உறைந்த புகை

அந்த நிறுவனத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கம்மா என்பார்கள். நிலாவைச் சுற்றப்போகும் கலத்தில் அவள் செய்த கருவி ஒன்று இருந்தது. பிரஷர் குக்கர் அளவுதான் இருக்கும். காற்றே இல்லை என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைகிற அணுக்களை உள்ளே இழுத்து, இது ஹீலியம், இது சோடியம், இது தண்ணீர் என்று பிரித்துச் சொல்லும். மோப்பம் பிடிக்கிற கருவி என்பதால் அது மூக்கு. செய்தவள் மூக்கம்மா.

அவளுடைய தங்கையும் அதே வளாகத்தில்தான் இருந்தாள். நிலாவில் இறங்கப்போகும் லேண்டரின் எஞ்சின் அவள் கையால் வளர்ந்தது. அவளுக்கு வைத்த பெயர் அடுப்பு. ஒரே வீட்டில் அடுப்பும் மூக்கும் இருந்தால் சமையல் கருகவே கருகாது என்று கேன்டீனில் ஒரு ஜோக் வெகுகாலமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்காவும் தங்கையும் அதற்குச் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

மூத்தவளுக்கு முன்கோபம் உண்டு. அது பால் பொங்குகிற மாதிரி சட்டென்று மேலே வரும், தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். நான் சொல்லப்போவது அந்தக் கோபத்தை இல்லை. இது ஒரு காலைக் கூட்டத்தில் அவளுக்குள் புகுந்து, அப்படியே தங்கிவிட்ட கோபம்.

கூட்ட அறையில் ஏ.சி. ஒழுகி, மூலையில் வைத்த பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. இயக்குநர் எப்போதும்போல மெதுவாகப் பேசினார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற குரல் அது.

"இன்னொரு நாடும் நாம இறங்கப்போற அதே துருவத்துக்குக் கிளம்புது. நாம முந்திக்கணும். அதனால, கலம் நிலாவைப் போய்ச் சேர்ந்ததும் லேண்டரை இறக்கிடுவோம். நடுவுல சும்மா சுத்திக்கிட்டு இருக்கற காலத்தை எடுத்தாச்சு."

சும்மா சுற்றுகிற காலம் என்று அவர் சொன்னது மூத்தவளின் காலத்தை. லேண்டர் இறங்குவதற்கு முன்னால் கலம் ஒரு மாதம் நிலாவைச் சுற்றிவர வேண்டும். அந்த ஒரு மாதமும் மூக்கு மோந்து பார்க்க வேண்டும். திட்டம் பிறந்த நாளிலிருந்து அது அதில் இருந்தது. அதற்காகத்தான் அவள் அந்தக் கருவியையே செய்தாள்.

"சார், அது சும்மா சுத்தறதில்ல" என்றாள்.

"தெரியும்மா. லேண்டர் இறங்கினதுக்கு அப்புறமும் உங்க கருவி மேல சுத்திக்கிட்டுதானே இருக்கப்போகுது. அப்ப மோந்து பாக்கட்டும். நிலா எங்க ஓடிப்போகுது?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நிலாவோட மொத்தக் காத்தையும் பிடிச்சு ஒண்ணா அடைச்சா நாலைஞ்சு லாரியில ஏத்திடலாம் சார். அவ்வளவுதான் அங்க இருக்கு. நம்ம லேண்டர் இறங்கும்போது அரை லாரி புகை கக்கும். அந்தப் புகையில மூணுல ஒரு பங்கு தண்ணி. அங்க அதைக் கலைக்க வீசற காத்து கிடையாது, மழை கிடையாது. ஒவ்வொரு துளியும் தத்தித் தத்திப் போய், சூரியனே எட்டிப் பாக்காத துருவப் பள்ளத்துல விழுந்து உறைஞ்சு போயிடும். அங்க கோடிக்கணக்கான வருஷமா கிடக்குற ஐஸ் மேல. அதுக்கப்புறம் மோந்து பாத்தா எது நிலாவோட தண்ணி, எது நம்மளோட தண்ணின்னு எப்படிச் சொல்றது?"

"எத்தனையோ பேரு இதுக்கு முன்னாடி இறங்கியாச்சும்மா."

"அவங்கள்ல முக்கால்வாசிப் பேரு துருவத்துப் பக்கமே வரல, தெருவுல நின்னுட்டுப் போயிட்டாங்க. நாம சேறு அப்பின காலோட நேரா படுக்கையறைக்குள்ள போறோம்."

இயக்குநர் புன்னகைத்தார். பக்கெட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

"உங்க அக்கறை புரியுது. ஆனா எல்லாரும் தயாரா இருக்கும்போது ஒருத்தருக்காகத் தேரை நிறுத்த முடியாது. உங்க தங்கச்சிகிட்ட போன வாரமே பேசிட்டேன். எஞ்சின் தயார்னு சொல்லிட்டாங்க."

மூத்தவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள். தங்கை பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அக்கா தங்கை இருவரும் ஒரே கட்டடத்தில், மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். மூத்தவள் அம்மாவோடு கீழ் வீட்டில். இளையவளுக்கு மேலே ஒரு வீடு இருந்தாலும் சாப்பாடு கீழேதான். அம்மா வேலை பார்த்ததெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். எது நிஜச் சண்டை, எது பொழுதுபோகாத சண்டை என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும் என்பாள்.

அன்று சாயங்காலம் மூத்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போன வாரமே உனக்குத் தெரியும்."

இளையவள் தட்டைப் பார்த்தபடி, "ம்" என்றாள்.

"ஒரே படியில ஏறி இறங்குறோம். ஒரே மேஜையில சாப்பிடுறோம். வாயில பூட்டா போட்டிருந்த?"

"சொன்னா நேரா போய்ச் சண்டை போட்டிருப்ப."

"அதுக்குத்தான்டி சொல்லணும்."

"அவரு கேட்டது ஒண்ணுதான். எஞ்சின் தயாரான்னு. தயார்னு சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"அது என்ன கக்கும்னு அவரு கேக்கலையா?"

"கேக்கல."

"நீயும் சொல்லல."

அம்மா குழம்புக் கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள். இது நிஜச் சண்டை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள்.

"அந்த ஐஸ் அழுக்காயிடும், அவ்வளவுதானே? அப்புறமா கழுவிக்க முடியாதா?"

"அம்மா, அங்க அழுக்கே தண்ணிதான். தண்ணியை எதைப் போட்டுக் கழுவுறது?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நியாயம் உன் பக்கம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சின்னவள் முகம் போன போக்கைப் பார்த்து அவள் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இளையவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "நியாயம் எப்பவும் அவ பக்கம்தாம்மா. என் எஞ்சின் வெடிச்சப்ப யாரு பக்கம் இருந்துச்சு நியாயம்?"

அது பழைய கதை. சில வருஷங்களுக்கு முன்னால் அவளுடைய முதல் எஞ்சின் சோதனை மேடையில் வெடித்தது. ஒரு சுவர் முழுக்கக் கரி. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் விசாரணை நடந்தது; கேன்டீனில் தட்டோடு இவள் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகின. அடுப்பு என்ற பெயர் அப்போது வந்ததுதான். செல்லப் பெயராகத் தொடங்கியது இல்லை.

"அப்ப உன் பக்கத்துல யாரு வந்து உக்காந்தா?" என்றாள் மூத்தவள்.

"நீதான். இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் கரி என் மேல இன்னும் இருக்கு. லேண்டர் நல்லபடியா இறங்கினாத்தான் அது போகும். இன்னும் ஒரு மாசம் சுத்தி, அதுக்குள்ள ஒரு வால்வு ஒட்டிக்கிட்டா? ஒரு கசிவு வந்தா? அப்பவும் நீ மோந்து பாத்துட்டே இருப்ப. நான் மறுபடியும் தனியா சாப்பிடணும்."

"உன் கரியைத் துடைக்க நிலாதான் கிடைச்சுதா?"

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று மூத்தவளுக்கு உறைத்தது. திரும்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதுவும் நிஜம். இளையவள் எழுந்து கை கழுவிவிட்டு மேலே போய்விட்டாள். அதற்குப் பிறகு கலம் நிலாவைப் போய்ச் சேரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா பழைய உத்தியோகத்துக்குத் திரும்பினாள்; மேலே இருப்பவள் சொன்னதைக் கீழேயும், கீழே இருப்பவள் சொன்னதை மேலேயும் இணைத்துக் கொடுத்தாள்.

மூத்தவள் சும்மா இருக்கவில்லை. இயக்குநரின் அறைக்கு மறுபடி மறுபடி போனாள். அவருக்கு மேலே இருந்தவர்களைப் பார்த்தாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், சிரத்தையாகத் தலையாட்டினார்கள். ஒருவர், "நீங்க சொல்றது ரொம்ப முக்கியமான விஷயம்" என்று எழுந்து நின்றே சொன்னார். சொல்லிக்கொண்டே கதவையும் திறந்துவிட்டார். யாராவது மறுத்துப் பேசியிருந்தால் அவள் கோபத்துக்கு ஒரு சுவராவது கிடைத்திருக்கும். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், எதுவும் மாறவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதினால் செவிடனுக்குக் கேட்காது, அவ்வளவுதான். இவர்களுக்கு நன்றாகவே கேட்டது.

லேண்டர் இறங்கியது ஒரு நண்பகலில். தொலைக்காட்சிக்காக எல்லோருக்கும் நீல நிற மேல்சட்டை கொடுத்திருந்தார்கள். மூத்தவளுக்குக் கிடைத்தது இரண்டு சுற்றுப் பெரிது. கட்டுப்பாட்டு அறையின் கடைசி வரிசையில், சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, தன் கருவியின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இளையவள் முதல் வரிசையில் இருந்தாள். பின்னங்கழுத்து மட்டும் தெரிந்தது. அந்தக் கழுத்து எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை அந்த அறையிலேயே மூத்தவளால்தான் படிக்க முடிந்தது.

எஞ்சின் ஒரு குறையும் வைக்கவில்லை. சொன்ன இடத்தில் எரிந்தது, சொன்ன இடத்தில் தணிந்தது. பள்ளத்தின் விளிம்பில், பூனை மதிலில் குதிக்கிற மாதிரி, லேண்டர் உட்கார்ந்தது. அறை எழுந்து நின்று கத்தியது. பெரிய பெரிய ஆண்கள் அழுதார்கள். இயக்குநர் இளையவளின் தோளில் கை வைத்துக் கேமராக்கள் பக்கம் திருப்பினார்.

தங்கை ஜெயித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் கேட்காமல் வந்தது, அதற்காகவே தன்மேல் மூத்தவளுக்கு எரிச்சல் வந்தது. அந்தக் கணத்தில் அவள் திரையில் தண்ணீரின் கோடு அசைந்தது. அதுவரை தரையோடு தரையாகக் கிடந்த கோடு. மெல்ல ஏறவில்லை, சுவர்போலச் செங்குத்தாக நின்றது. பக்கத்திலேயே நைட்ரஜனின் கோடு, அதற்குக் கூடப்பிறந்தது மாதிரி, அதே வேகத்தில் ஏறியது.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து இளையவள் திரும்பிப் பார்த்தாள். அக்காவைத் தேடினாள். கண்கள் சந்தித்தன. மூத்தவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில் அந்தக் கோட்டின் படம் பெரிதாக அச்சாகி, சட்டம் போட்டு நின்றது. நைட்ரஜன் கோட்டைக் காணோம். தண்ணீர் மட்டும் தனியாக நிமிர்ந்து நின்றது.

"துருவப் பள்ளத்து மேல தண்ணி ஆவி. உங்க மூக்கு கண்டுபிடிச்சிருக்கு. வாழ்த்துகள்."

அவள் முதலில் அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சார், இது நம்ம புகை."

"கொஞ்சம் புகையும் இருக்கலாம்."

"இன்னொரு கோடு எங்க? தண்ணியும் நைட்ரஜனும் சேந்தே ஏறிச்சு. புகையில எப்படி இருக்குமோ அப்படியே. அதை ஏன் எடுத்தீங்க?"

"ஜனங்களுக்கு ரெண்டு கோடு குழப்பும்மா."

"ஜனங்களுக்கா?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணு கேக்கறேன். இதுல நிலாவோட தண்ணி ஒரு சொட்டுகூட இல்லேன்னு உங்களால அடிச்சுச் சொல்ல முடியுமா?"

அவளால் முடியாது. முடியாமல் போகக்கூடாது என்றுதான் அந்த ஒரு மாதத்தைக் கேட்டாள். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே பிறகு எவ்வளவு கூடியது என்று சொல்ல முடியும். அந்த மாதத்தை வெட்டிய அதே கையால் இந்த மனிதர் இப்போது, எங்கே நிரூபி பார்க்கலாம் என்கிறார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"முடியாது" என்றாள். "இருக்குன்னு உங்களாலயும் சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம். கண்டுபிடிச்சிருக்கோம்னு மட்டும் சொல்லுவோம். நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. கருவி உங்களோடது, நீங்க சொன்னா நல்லாருக்கும்."

"நம்ம எச்சிலை நாமளே தொட்டுப் பாத்துட்டு, ஆஹா ஈரம்னு சொல்லணுமா? என் வாயில அது வராது."

"சரி" என்றார், சற்றும் கோபப்படாமல். "அப்ப உங்க தங்கச்சி உக்காரட்டும். நாடே அவங்களைத்தானே கொண்டாடுது."

மறுநாள் அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் இயக்குநரும் பக்கத்தில் இளையவளும். அவளுக்கு இந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்லியிருந்தார்கள் என்று மூத்தவளுக்குத் தெரியாது. மேலே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பதினாறு படிதான். கோபம் கேட்கவிடவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு நடுவில், மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாசலில் நின்ற காவலாளி அவளைத் தெரியும் என்பதால் வழிவிட்டார்.

இயக்குநர் பேசினார். திரையில் அந்த ஒற்றைக் கோடு வந்தது. கைதட்டினார்கள். கேள்விகள் தொடங்கின. அங்கே மனிதர்கள் குடியேறலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் சர்க்கரை தூவிப் பதில் சொன்னார்.

மூத்தவள் எழுந்தாள். மைக் கேட்கவில்லை. அவள் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

"என் கேள்வி எஞ்சின் செஞ்சவங்களுக்கு."

இளையவள் முகம் வெளுத்தது. மூத்தவள் தன் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தங்கையை 'நீங்க' என்று கூப்பிட்டாள்.

"உங்க எஞ்சின் புகையில என்ன இருக்கு, சொல்லுங்க."

இயக்குநர் மைக்கை இழுத்தார். "இவங்க நம்ம நிறுவனத்தைச் சேர்ந்தவங்கதான். உள்வீட்டுப் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். அடுத்த கேள்வி."

"உள்வீட்டுல ரொம்பப் பேசியாச்சு. அவங்க சொல்லட்டும்."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. கேமராக்கள் ஒவ்வொன்றாக மேடையிலிருந்து இவள் பக்கமும், இவளிடமிருந்து மேடைப் பக்கமும் ஆடின. இளையவள் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு மைக்கில் கேட்டது. இயக்குநர் அவள் பக்கம் குனிந்து என்னவோ சொன்னார். அவள் தலையை அசைத்தாள். சரி என்றா, இல்லை என்றா தெரியவில்லை.

"தண்ணி" என்றாள். "கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தண்ணி. அதுக்கு மேல நைட்ரஜன். மிச்சம் வேற வாயுக்கள்."

"அந்தப் படத்துல நைட்ரஜன் கோட்டைக் காணோமே?"

இளையவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதைக் கழற்றிவிட்டார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது என்பதை மூத்தவள் அந்த முதுகிலேயே படித்தாள்.

"இருந்திருக்கணும்" என்றாள் இளையவள். "எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தண்ணி நிலாவோடதா, எங்களோடதான்னு சொல்ல முடியாது. இறங்கறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும். பாக்கல. நான் எஞ்சின் தயார்னு சொன்னேன், அதோட நிறுத்திட்டேன்."

அதற்குப் பிறகு நடந்தது ஒரே சத்தம். இயக்குநர் எழுந்து, இதமாகச் சிரித்து, விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு ஆரோக்கியமானது என்றார். விளக்குகள் அணைந்தன.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் மூத்தவள் ஓடிவந்து தங்கையின் கையைப் பிடித்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். இளையவள் கையை உதறினாள்.

"தொடாத."

"நான்..."

"ஊரே பாக்க என்னைக் கூண்டுல ஏத்திக் கேட்ட. வீட்டுல கேட்டிருக்கலாம். மேல வந்து கதவைத் தட்டி, அந்தாளு கோட்டை எடுத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியாது. யோசிச்சிருப்பேன். யோசிக்கவாவது விட்டிருக்கலாம்ல. ஒரு வாரம் வாயைப் பூட்டிட்டேன்னு என்னைத் திட்டினியே, நீ பண்ணினதுக்குப் பேரு என்ன?"

கோபத்துக்குக் கண் தெரியாது என்பார்கள். மூத்தவளின் கோபத்துக்கு நன்றாகவே கண் தெரிந்தது, பார்த்த திசைதான் ஒன்றே ஒன்று. இயக்குநரை அடிக்க எடுத்த கல் தங்கையின் நெற்றி வழியாகப் போயிருக்கிறது. அதற்காக அந்தக் கல்லை எறிந்திருக்கக்கூடாது என்றும் அவளால் நினைக்க முடியவில்லை. இரண்டு வண்டிகளும் ஒரே வீட்டுக்குத் தனித்தனியாகப் போயின.

மறுநாள் பத்திரிகைகளில் தண்ணீர் என்ற சொல் கட்டை விரல் பருமனில் வந்தது. பின்னால் ஒரு கேள்விக்குறி இருந்தது; பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்மணி இனிப்புப் பெட்டியோடு வந்து, உங்க பொண்ணுங்க நிலாவுல தண்ணி கண்டுபிடிச்சுட்டாங்களாமே என்றாள். "கண்டுபிடிக்கலை, கொட்டிட்டு வந்திருக்காங்க" என்று அம்மா சொல்லிவிட்டு, இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நிறுவனம் யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அப்படிச் செய்தால் செய்தியாகும். மூக்கின் கணக்குகளைப் பார்க்கும் வேலை வேறொருவருக்குப் போனது. மூத்தவளைத் தரைக்குக் கீழே, பழைய வெற்றிடக் கலம் இருந்த கூடத்துக்கு மாற்றினார்கள். இது பறக்கிற கலம் இல்லை, இரும்பில் செய்த பெரிய உருளை. உள்ளிருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, நிலாவில் இருக்கிற மாதிரி ஆக்கலாம். பம்பு ஓடும்போது பல் கூசும். இளையவளின் அடுத்த எஞ்சினை வேறு பிரிவுக்குக் கொடுத்தார்கள். இயக்குநர் பதவிக்காலம் முடிந்து, மாலையும் பாராட்டுமாகப் போனார். வழியனுப்பு விழாவில் அந்த ஒற்றைக் கோட்டுப் படத்தை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது மூத்தவள் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் வீசினாள். காரை பெயர்ந்தது. அந்தப் பள்ளத்தை அவள் பூசவிடவில்லை.

அந்த இன்னொரு நாடு மட்டும் அவசரப்படவில்லை. முந்திக்கொண்டுவிட்டார்களே, இனி எதற்கு ஓடுவது என்று நினைத்தார்களோ, அரங்கில் நடந்ததைப் பார்த்தார்களோ, அவர்களுடைய கலம் ஒரு மாதம் சுற்றியது. மோந்து பார்த்தது. எங்கும் இவர்களுடைய புகை. லேண்டர் இறங்கிய துருவத்தில் மட்டும் இல்லை, நிலாவின் மறுகோடியில் இருக்கிற துருவத்திலும். தத்தித் தத்தி அவ்வளவு தூரம் போய்விட்டது. அவர்களுடைய குழுத் தலைவி மூத்தவளைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"உங்க மேல குறை சொல்லக் கூப்பிடல" என்றாள் அந்தப் பெண். "புகையைக் கழிச்சுட்டுப் பாக்கணும். அதுக்கு உங்க புகையோட மணம் எங்களுக்குச் சரியாத் தெரியணும். அளந்து தர முடியுமா?"

அளக்கலாம். வெற்றிடக் கலத்தில் மூக்கின் இரட்டைப்பிறவி ஒன்று இருந்தது. அதன் முன்னால், லேண்டரில் போனதைப் போலவே செய்து வைத்திருந்த இன்னொரு எஞ்சினை எரிய விட வேண்டும். எஞ்சினின் குணம் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

மூத்தவள் பதினாறு படி ஏறிக் கதவைத் தட்டினாள். இளையவள் திறந்தாள். ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"உன் உதவி வேணும்" என்றாள் மூத்தவள். நடந்ததைச் சொன்னாள். பிறகு, "அன்னிக்கு மேல வந்திருக்கணும். வரல. தப்புதான்" என்றாள்.

"எது தப்பு? கேட்டதா?"

"கேட்டது தப்பில்ல. உன்கிட்ட முன்னாடியே சொல்லாதது."

இளையவள் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். "உனக்கு மன்னிப்புக் கேக்கக்கூட முதுகு வளையாது" என்றாள். "எப்ப வரணும்?"

எஞ்சினைக் கலத்துக்குள் பொருத்த வெகுநாள் பிடித்தது. வேலை விஷயம் தவிர அவர்கள் அதிகம் பேசவில்லை. போல்ட் முறுக்கும்போது ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி முறுக்கினாள். முதல்முறை எரித்தபோது இளையவள் உள்ளே பார்க்கிற கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெடித்த நாளின் பழக்கம். மூத்தவள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். திரையில் தண்ணீரும் நைட்ரஜனும் ஜோடியாக ஏறின. அளந்தார்கள். பலமுறை எரித்தார்கள், பலமுறை அளந்தார்கள். அந்த மணத்தை அந்நாட்டுக்காரர்களின் அளவிலிருந்து கழித்தார்கள்.

கழித்த பிறகு ஏதோ மிச்சம் இருந்தது. மிகக் கொஞ்சம். நிலாவின் சொந்தத் தண்ணீராக இருக்கலாம். கருவியின் நடுக்கமாகவும் இருக்கலாம். எப்படித் திருப்பிப் போட்டாலும் இரண்டில் எது என்று சொல்ல முடியவில்லை. இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து அதை அப்படியே வெளியிட்டார்கள்: இருக்கலாம், தெரியவில்லை, இனி இந்த வழியில் தெரிந்துகொள்ளவும் முடியாது, ஏனென்றால் முதலில் போனவர்கள் பார்க்காமல் இறங்கிவிட்டார்கள். கடைசி வாக்கியத்தை மென்மையாக்கலாமே என்று புது இயக்குநர் சொல்லியனுப்பினார். இளையவள்தான் அவரிடம் போனாள்.

"அந்த எஞ்சின் என்னோடது சார். நான் ஒத்துக்கறேன். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

வாக்கியம் அப்படியே வந்தது. எந்தப் பத்திரிகையும் அதைப் போடவில்லை.

அது வெளியான அன்று மாலை இருவரும் வளாகத்திலிருந்து சேர்ந்து வெளியே வந்தார்கள். வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. கிழக்கில் நிலா ஏறியிருந்தது. மூத்தவள் அதைப் பார்க்காமல் வண்டிச் சாவியைத் தேடினாள்.

"இன்னும் கோவமா இருக்கியா?" என்றாள் இளையவள்.

"ஆமா."

"யார் மேல?"

"அந்தாளு மேல. தலையாட்டிக் காபி குடுத்தவங்க மேல. உன் மேலயும் கொஞ்சம் இருக்கு."

"எனக்கும் உன் மேல இருக்கு" என்றாள் இளையவள். "வண்டியை நான் ஓட்டறேன். நீ கோவத்துல ஓட்டினா கியர் போடுற சத்தம் தாங்க முடியல."

மூத்தவள் சாவியைக் கொடுத்தாள்.